பருத்தித்துறைக்கு லென்ஸ் வாங்கப் போனேன்

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். பருத்தித்துறைக்கு இருபத்தொரு மைல். கட்டணம் ஐம்பது சதம். எனக்கு முன்னர் வேறெவனும் போய்விடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை.

யுத்தம் தொடங்கியபின் ஜெர்மன் லென்ஸ் வருவதே நின்றுவிட்டது. முன்பு எண்பது ரூபாய்க்கு விற்றதற்கு இப்போது முந்நூறு தருகிறேன் என்றாலும் கொழும்புக் கடைக்காரர் கைவிரிக்கிறார். பட்டாளத்தார் படம் எடுக்க வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து என் ஸ்டூடியோ லென்ஸ் விழுந்து குறுக்கே வெடித்துத் தொலைந்தது. பருத்தித்துறையில் பாய்க்கப்பலை நடத்தும் தண்டையல் ஒருவர் ரங்கூனில் வாங்கிய லென்ஸ், வீட்டில் சும்மா கிடக்கிறதென்று கேள்விப்பட்டதும் கடையைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

வல்லை வெளியில் காற்று தலைப்பாகையைப் பிடுங்கியது. பக்கத்திலிருந்த மீன் வியாபாரி, "எங்கை போறியள், தம்பி?" என்றார்.

"சொந்தக்காரர் வீட்டை, அண்ணை."

எட்டரைக்குத் தண்டையலின் வீட்டு வாசலில் நின்றேன். அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தார். உள்ளே கொளுக்கியில் தண்டையலின் கோட்டும், பக்கத்தில் கமராப் பையும் தொங்கின. லென்ஸை விலைக்குக் கேட்டேன்.

"லென்ஸ் இருக்குது. ஆனால் கடலுக்குப் போனவர் வந்து இறங்குமட்டும் அவரின்ரை சாமானிலை நாங்கள் கை வைக்கிறேல்லை. அவர் சொல்லவேணும்."

தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த வழக்கத்தின் கனம் எங்கே தெரியும்? "அவர்தான், அக்கா, எடுக்கச் சொன்னவர். போன மாதம் கொழும்பிலை கண்டனான்" என்று கூசாமல் அளந்தேன்.

செம்பு கீழே விழுந்தது.

"கண்டனீங்களோ? எட்டு மாதமாய் ஒரு கடுதாசியும் இல்லை! கப்பல் ஆளோடை கடலிலை தாண்டு போச்செண்டெல்லோ சனம் கதைக்குது! ஐயோ, ஓடி வாங்கோ, அவரைக் கண்டவராம்!"

முற்றம் நிரம்பிவிட்டது. "மெலிஞ்சு போனாரோ?" என்று யாரோ கேட்டார்கள். "இல்லை, சுகமாய் இருக்கிறார்" என்றது என் வாய். அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

தண்டையலின் மனைவியே கமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி என் கையில் வைத்தார். "காசு வேண்டாம். இந்தச் செய்தி போதும்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அழுது சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. "என்ரை கமராவுக்கு இது பொருந்தாது, அக்கா" என்று திருப்பிக் கொடுத்தேன். அதுவும் பொய், அச்சாகப் பொருந்தியிருக்கும்.

புறப்படும்போது ஓலைப் பெட்டி ஒன்றை நீட்டினார். உள்ளே வெயிலில் காயவைத்த பனம்பழக் களி. "கொழும்புக்குப் போனால் இதை அவரிட்டைக் குடுங்கோ. பனாட்டெண்டால் அவருக்கு உயிர்."

வாங்கிக்கொண்டேன். என்ன செய்வது?

பதினொன்றரை பஸ்ஸில் அதே மீன் வியாபாரி. பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "சொந்தக்காரர் நல்லாய்க் கவனிச்சிருக்கினம் போலை!"

"ஓம்" என்றேன்.

இது நடந்து மூன்று மாதம். வெடித்த லென்ஸோடுதான் தொழில் ஓடுகிறது. பனாட்டு லேசில் பழுதாகாது. அலமாரியில் அப்படியே இருக்கிறது. பருத்தித்துறைக்கு இருபத்தொரு மைல்தான். நான் இன்னும் போகவில்லை.