கால்வாய் ஓரத்துக் கரிசலாங்கண்ணி

போன தை மாதம் நடந்தது இது. புதுவாயலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூலிகை இலைகளைக் காயவைத்துப் பொடித்து, டீத்தூளாக விற்று வருகிறேன். வீட்டில் இதற்கு ‘அம்மாவோட தழை வியாபாரம்’ என்று பெயர். அப்படிக் கிண்டலுக்கு ஆளாகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனிலிருந்து ஆர்டர் வந்தது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குத் தினமும் கரிசலாங்கண்ணி டீ தரப் போகிறார்களாம். பத்து நாளில் ஐந்து கிலோ தூள் வேண்டும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முடியுமா என்று யோசிக்காமலேயே சரி என்றேன்.

எனக்கு இலை பறித்துத் தருகிறவள் ஆரம்பாக்கம் பக்கத்துப் பெண். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாள். வயல் வரப்புகளில் பறிப்பாள். அதற்கும் முன்னால் வயல்காரரைத் தேடிப் போய், களைக்கொல்லி அடித்தீர்களா என்று கேட்பாள். அடித்தேன் என்று சொல்லிவிட்டால் அந்த வரப்பையே மிதிக்க மாட்டாள். செடியைப் பிடுங்கவும் மாட்டாள். மறுபடி தழையட்டும் என்று நாலு விரல் தண்டு விட்டுத்தான் அறுப்பாள். விதை கட்டிய செடிப் பக்கம் அரிவாளே போகாது. இப்படி இருந்தால் எப்படி? ஐந்து நாளாகியும், அவள் கொண்டுவந்தது காய்ந்தால் ஒன்றரைக் கிலோதான் தேறும்; இதே வேகத்தில் போனால் பத்து நாளிலும் மூன்று கிலோதான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

மறுநாள் காலை நானே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு கால்வாய். அதன் ஓரம் முழுக்க, முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக, கரிசலாங்கண்ணி! இத்தனை நாள் இந்தப் புதையலைக் கண்ணில் காட்டாமல் இருந்துவிட்டாளே என்று அவள் மேல் கோபம்கூட வந்தது. இரண்டு சாக்கு நிறைய வேரோடு பிடுங்கிவந்து மாடியில் கொட்டினேன்.

மதியம் அவள் தன் மூட்டையோடு மேலே வந்தாள். குவியலைப் பார்த்ததும் ஒரு செடியை எடுத்து முகர்ந்தாள்.

“இத்த எங்கக்கா புடுங்கிக்கினு வந்தீங்க?”

பெருமையாக இடத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. தலைமேல் இருந்த மூட்டையை இறக்கக்கூட இல்லை.

“அய்யோ, வேணாங்கா. அது கம்பெனித் தண்ணி போற எடம். எங்க ஊரு மாடுகூட அங்க வாய் வெக்காது.”

“நாலு தண்ணியில அலசிட்டா போச்சு. நான் இன்னா, வேரையா டீ போடப் போறேன்?”

“வேரு குடிச்சதைத்தானக்கா எலையும் குடிச்சிருக்கும்? உள்ள போனத எப்பிடிக்கா அலசுவீங்க?”

தோற்கிறேன் என்று தெரிந்தால்தான் எனக்கு வாய் நீளும். “வாங்குறது நானு, விக்கிறதும் நானு. உனக்கின்னா வந்தது?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கையிலிருந்த செடியைக் குவியலில் திரும்பப் போட்டாள். பிறகு மெதுவாக, “எங்க ஊட்டுக்காரு அந்த கேன்டீன்லதாங்கா டீ குடிக்கிறாரு” என்றாள்.

எந்தக் கம்பெனி ஆர்டர் என்று அவளிடம் பத்து தடவையாவது பீற்றிக்கொண்டிருப்பேன். உன் வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு பேருமாக அந்தத் தழையை மறுபடி சாக்கில் அடைத்தோம். ஆடு தின்றுவிடப் போகிறது என்று அவளே சாக்கு வாயை இறுக்கிக் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினாள்.

கேன்டீன் பொறுப்பாளருக்குப் போன் செய்து, கால்வாய் கதை உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, மூன்று கிலோதான் தர முடியும் என்றேன். ஆர்டர் போச்சு என்றே நினைத்தேன்.

“மூணு கிலோ நல்லதுதானே மேடம்? அப்ப தினமும் வேணாம். வாரத்துல ரெண்டு நாள் போட்டுக்கலாம்” என்றார் அவர்.

இப்போது நானும் அவளோடு வரப்புக்குப் போகிறேன். மருந்து அடித்தீர்களா, எப்போது அடித்தீர்கள் என்று நான் துருவித் துருவிக் கேட்பதைப் பார்த்து, “எலை அறுக்க வந்தீங்களா, போலீஸ் விசாரணைக்கு வந்தீங்களா?” என்று ஒரு வயல்காரர் சிரித்தார். “அக்கா, வெதைச் செடிய மிதிச்சிக்கினு நிக்கிறீங்கோ” என்று அவளும் தன் பங்குக்கு என்னை விரட்டுவாள். நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் வாரம் முடிந்ததும், உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று ஆவலாகக் கேட்டேன். “கசக்குதுன்னு ஒரே திட்டுக்கா. ஆனா ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிச்சாராம்” என்றாள்.

அந்த மனிதரை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டை ஒட்டும்போதும், இந்தத் தூள் முதலில் விழப் போவது அவர் டம்ளரில்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்; அவசரப்படும் கை தானாக நிதானத்துக்கு வந்துவிடுகிறது.