லத்தா சந்தையில் வாங்கிய லுங்கி

யாங்கூன், லத்தா சந்தை, மாலை நான்கு மணி. புதிதாக வாங்கிய பர்மா லுங்கியைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் தனாக்கா சாந்தும் பூசி நிற்கிறான் என் மகன். அச்சு அசல் உள்ளூர்ப் பையன். மனைவி படமெடுக்கிறாள். நான் சிரிக்கிறேன்.

பழக்கடைத் தமிழ்ப் பெண் ஓடிவந்து அவனைக் கடைக்குள் இழுக்கிறார்.

“வயசென்ன தம்பி?”

“இருபது.”

“இந்த வயசுப் பையனுங்களத்தான் பட்டாளத்துக்குப் புடிச்சுட்டுப் போறாங்க அண்ணே! பாஸ்போட்டு எங்க?”

“ஓட்டல்ல,” என்கிறேன்.

பெட்டியைத் திறந்து ஒரு ஜீன்ஸை எடுத்து நீட்டுகிறார்.

“எம்மவனோடது. லுங்கிய மாத்தச் சொல்லுங்க.”

“நாளைக்கே கொண்டுவந்து குடுத்துடறோம்மா.”

“வேணாம். அவனை லுங்கியோடதான் புடிச்சுட்டுப் போனாங்க.”