பெய்ன் என்றால் கால் மட்டுமில்லை

இன்று மகள் என்னை மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என் மனுசன் செத்து ஏழு மாதம், வேலைக்குத் தவிர நான் எங்கள் வீடு இருக்கிற ரொம்சோஸ் பகுதியை விட்டு வெளிக்கிடவில்லை என்று அவளுக்குக் கவலை.

அங்கே இங்கிலாந்தின் பழைய சனம், ஆங்கிலோ-சாக்சன் என்று பெயராம், செதுக்கிய சாமான்களைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு சீப்பில் இரண்டு மிருகங்கள் கயிறுபோலப் பின்னிக்கிடந்தன. ஆயிரம் வருடத்தில் மூன்று பல்லுத்தான் உடைந்திருந்தது.

கீழே நொர்ஸ்க்கில், அதுதான் நோர்வே மொழியில், எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பெய்ன்.

"என்ன பிள்ளை, பெய்ன் எண்டா கால்தானே? காலிலையோ சீப்புச் செய்தவை?"

அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ அம்மா! பெய்ன் எண்டா எலும்பும்தான். நொர்ஸ்க்கிலை ரெண்டுக்கும் ஒரே சொல்லு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புற்றுநோய் இவருடைய பெய்னுக்குப் பரவிவிட்டது என்று டொக்டர் சொன்னபோது, நான் கால் என்றுதான் விளங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அவருடைய இரண்டு காலுக்கும் நல்லெண்ணெய் பூசித் தேய்த்துவிட்டேன்.

"டொக்டர் எலும்பைத்தான் சொன்னவர் எண்டு அப்பாவுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா. நான் உங்களிட்டைச் சொல்ல வெளிக்கிட, 'பேசாமல் இரு, அவ தேய்க்கிறது சுகமாயிருக்கு' எண்டவர்."



இருபது வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டிய மனுசன். கடையில் பால் கேட்டால்கூட என் நொர்ஸ்க்கில் பிழை பிடிப்பார். இந்த ஒரு பிழையை மட்டும் வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டு ஆட்களும் இப்படி எதையாவது திருத்தாமல் விட்டிருக்கிறார்களோ? விசாரித்துப் பார்த்துச் சொல்லுங்கோ.