சாமி வீட்டு டெக்கில் சாளை எண்ணெய்

எனக்க மாப்பிள்ளைக்குப் பேரு ஆன்சன். கோவளம் முதல் வேளி வரைக்கும் கடலைப் பாத்து நிக்குத வீடுகள்ல மரவேலியோ டெக்கோ கண்டா, குனிஞ்சு பலகைக்கு அடியில பாருங்க. பித்தளைத் திருகாணி இருந்தா அது அவரு கட்டினது. இரும்பாணி இருந்தா வேற யாரோ. இதை நாலுபேரு முன்னால நான் சொன்னா, "எட்டி லீலா, சும்மா கெட, பெருமை பேசாதே"ம்பாரு. சொல்லும்போதே மீசைக்குள்ள சிரிச்சுக்கிடுவாரு. எனக்குத் தெரியாதா அந்த ஆளை!

இந்தப் பெருமை எல்லாம் பிற்பாடு வந்தது. நாங்க ரெண்டுபேரும் பாறசாலைக்காரங்க. கல்யாணம் முடிஞ்சு, விழிஞ்ஞத்துக்கு மேலே முக்கோலையில வாடகைக்கு வந்தோம். தொண்ணூத்தாறாம் வருஷம் இருக்கும். கடலோரத்துல காசுள்ளவங்க வீடு கட்டத் தொடங்கின காலம் அது. கேட்டும் வேலியும் இரும்புல போடுவாங்க. உப்புக்காத்து விடுமா? ரெண்டு மழை கழியுததுக்குள்ள அப்பளம் பொரிஞ்ச மாதிரி பொரிஞ்சு உதிந்துரும். மரத்துல கட்டினாலும் கதை அதுதான். ஆணி இரும்பாச்சே, துரு ஏறி வீங்கி மரத்தைப் பிளந்துரும். ஆன்சன் கட்டின வேலியும் ரெண்டு மூணு அப்படி விழுந்துது. "ஆன்சா, உனக்க வேலி தூங்குதுடே"ன்னு சந்தையில கூப்பிட்டுச் சொல்லுவான் ஒவ்வொருத்தன். வீட்டுக்கு வந்து சோத்தைத் தின்னாம ஒரே இருப்பு இருப்பாரு.

பின்னே ஒரு நாளு விழிஞ்ஞத்துல படகு செய்யுத இடத்துல போய் உக்காந்தாரு. ராப்பகலா கடலுக்குள்ளேயே கெடக்குத படகு உளுக்கல்ல, கரையில நிக்குத வேலி மட்டும் எதுக்கு உளுத்துப்போகுதுன்னு கேட்டாரு. அவனுக சிரிச்சானுக, ஆனா சொல்லியும் கொடுத்தானுக. படகுக்குப் போடுத அயனி மரம் போடு, இரும்பைத் தொடாதே, பலகைக்கும் பலகைக்கும் இடையில விரல் நுழையுத அளவுக்குக் காத்துப் போக இடம் விடு, வருஷா வருஷம் எண்ணெய் குடிக்கக் கொடு. அன்னைக்கு ராத்திரி ஆளு ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்னாரு.

எனக்குப் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலு நிலைக்கல்ல. எனக்க தம்பி ஜெயன் சார்ஜாவில இருந்து அத்தானுக்கு விசா அனுப்பிட்டான். ஓணத்துக்கு முன்னால பிளேன் ஏறணுமாம். கம்பெனியில தச்சு வேலை, தங்க இடம் உண்டு, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க ஊருக்கு வரலாம். ஊரெல்லாம் "லீலாபாய்க்கு அதிர்ஷ்டம்"ன்னு சொல்லுது. அதிர்ஷ்டமாம் அதிர்ஷ்டம்! பக்கத்து வீட்டு ஓமனாவுக்க மாப்பிள்ளை போய் நாலு வருஷம். டிவி உண்டு, பிரிட்ஜ் உண்டு. அவளுக்க பிள்ளை டிவிக்கு மேலே இருக்குத போட்டோவைக் காட்டி "அதாக்கும் எனக்க அப்பன்"னு சொல்லும். எனக்க மக ஜினி அப்போதான் பேசத் தொடங்கியிருந்தா. நேரா சொல்லுதேனே, எனக்கு அந்த ஆளு வீட்டுல வேணும். டிவி வேண்டாம்.

சொன்னேன், அழுதேன், சண்டையும் போட்டேன். கடைசியில அவரு ஒரு வழிக்கு வந்தாரு. "சங்குமுகத்துல ஒரு வேலை வந்துருக்கு. அந்தக் கடலோர வரிசையில வீடு கட்டினவங்க எல்லாம் அதைப் பாக்கக் காத்திருக்காங்க. கொள்ளாம், நல்லாயிருக்குன்னு அவங்க சொன்னா இங்கேயே கெடக்கேன். இதுவும் பிழையாப்போச்சுன்னா நான் பிளேன் ஏறிருவேன், நீ மிண்டக்கூடாது, ஒரு வார்த்தை பேசக்கூடாது"ன்னாரு. நான் சரின்னேன்.

வேலை நாகேஸ்வரன் சாமி அங்கே புதுசாக் கட்டுத வீட்டுல. ஏஜீஸ் ஆபீஸ்ல சர்க்காரு கணக்குப் பாத்து பென்ஷனானவரு. கோட்டைக்குள்ள அக்ரகாரத்துல பொறந்து வளந்த பிராமணக் குடும்பம். மாமி பேரு சீதாலக்ஷ்மி. அமெரிக்காவில இருக்குத மகன் மஹேஷ் அவன் வீட்டுப் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கான். தரைக்கு ஒரு முழம் மேலே பலகை அடிச்ச தளம், அதுல நாற்காலி போட்டு ஆளுக உக்காந்திருக்காங்க. அதுக்குப் பேரு டெக். டெக்குன்னு சொன்னதும் கல்யாண வீட்டுல வாடகைக்கு எடுத்துப் படம் போடுவாங்களே அந்த டெக்குன்னு நெனச்சேன் நான். ஆன்சன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! மாமிக்கு அந்த மாதிரி ஒண்ணு, கடலைப் பாத்து, காலை நீட்டி உக்காந்து காப்பி குடிக்கணும். ஐம்பது வருஷம் அடுக்களை ஜன்னலையே பாத்தாச்சு, இனி கடலைப் பாக்கணும்னு சொன்னாங்களாம். அந்தச் சொல்லுக்காகவே எனக்கு அவங்களைப் பிடிச்சுப்போச்சு.

ஆன்சன் உயிரைக் கொடுத்துக் கட்டினாரு. அயனிப் பலகை, பித்தளைத் திருகாணி, அடியில காத்து. தலைக்கு மேலே ஒவ்வொரு பிளேனும் கடலைப் பாத்து ஏறும். விமானத்தாவளம் அங்கேயே பக்கத்துலதானே. ஒவ்வொண்ணுக்கும் தலையைத் தூக்கிப் பாப்பாராம். அவரே வந்து சொல்லுவாரு, நான் பேச்சை மாத்திருவேன்.

சித்திரையில சாமி வீட்டுல பால்காய்ப்பு, புதுவீடு குடியேறுத சடங்கு. வேலை செய்தவருக்குப் புதுவேட்டி வச்சு மரியாதை செய்யுது அவங்க வழக்கம், குடும்பத்தோட வரணும்னு சொல்லிவிட்டிருந்தாங்க. நான் பட்டுச் சேலை உடுத்து, ஜினியைத் தூக்கிக்கிட்டுப் போனேன். உள்ளே சாஸ்திரிகள் ஹோமம் நடத்துதாரு. அந்த வரிசை வீட்டுக்காரங்க எல்லாம் வந்து நிக்காங்க. புகைக்கு நடுவுல சாஸ்திரிகள் மூக்கை ஒரு மாதிரிச் சுழிச்சாரு. "இந்த வேளையில யாராத்துல மீன் வறுக்கறா?"ன்னாரு.

பின்பக்கம் போய் பாத்தா, டெக்குக்கு மேலே சங்குமுகத்துப் பூனை முழுக்க உண்டு. கறுப்பு, வெள்ளை, சாம்பல், காதறுந்தது. எல்லாம் வரிசையா இருந்து பலகையை நக்குது!

"ஏண்டாப்பா ஆன்சன், என்னடா பண்ணித் தொலைச்சே?"ன்னு மாமி கேட்டாங்க. கையில வேட்டி வச்ச தாம்பாளம். இந்த மனுஷன் நெஞ்சை நிமித்திக்கிட்டு, சபை நடுவுல சாட்சி சொல்லுத மாதிரி சொல்லுதாரு: "சாளை எண்ணெய் மாமி! நல்ல ஒரிஜினல் மீனெண்ணெய், மூணு கோட்டு அடிச்சிருக்கேன். படகுக்கு அடிக்குதது. இருபது வருஷத்துக்கு நீங்க பயப்பட வேண்டாம்!"

அய்யோ எனக்க கர்த்தாவே! பூமி பிளந்து என்னை முழுங்கிரக் கூடாதான்னு இருந்தது. விழிஞ்ஞத்துக் காத்து குடிக்குத மூக்குக்கு அது ஒரு வாடையே இல்லெ. மீனு ஆகாத வீட்டுல மீனெண்ணெய் அடிக்கப்படாதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். ஆளு யோசிச்சது மரத்தை மட்டும்.

சாமி நெத்தியில கை வச்சுக்கிட்டு நின்னாரு. மாமிக்க முகம் செவந்துது. "நாளைக்கே வந்து இதை அக்கு அக்கா பிச்சு எடுத்துண்டு போ. ஒரு சிராய் இருக்கப்படாது"ன்னாங்க. தாம்பாளத்தைத் திரும்ப உள்ளே கொண்டுபோயிட்டாங்க. அடுத்த வீட்டு டாக்டரு வாயைப் பொத்திச் சிரிக்காரு.

பஸ் ஏறி வீடு வந்தோம். ஆன்சன் நேரே டிரங்குப் பெட்டிக்குள்ள இருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைக்கு மேலே வச்சாரு. நான் மிண்டக்கூடாதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேனே. மிண்டல்ல. அடுக்களையில போய் அழுதேன்.

காலையில கடப்பாரையோட போனாரு. நானும் கூடப் போனேன், மாமி காலுல விழுந்தாவது பாக்கலாம்னு. மாமி மூக்கைத் துணியால மூடிக்கிட்டு வாசல்ல நிக்காங்க. ஆன்சன் முட்டுபோட்டு, முதல் பலகைக்கு அடியில கடப்பாரையைக் கொடுத்தாரு. அடியில இருந்து ஒரு சின்னச் சத்தம். பின்னே இன்னொண்ணு. குனிஞ்சு பாத்தாரு. சாம்பல் பூனை ஒண்ணு ராத்திரி அங்கேயே பெத்துப் போட்டிருக்கு. கண்ணு தொறக்காத குட்டி நாலு.

"தொடாதே!"ன்னு மாமி ஒரு கத்து கத்தினாங்க. "கடப்பாரையைக் கீழே போடுடா! பெத்த வயத்தைக் கலைச்சா ஏழு ஜன்மத்துக்கும் விடாது. அதுவா தூக்கிண்டு போற வரைக்கும் ஒரு பலகை அசையப்படாது."

சாமி சொன்னாரு: "பூனைதானே, குட்டியை ஏழு வீடு மாத்தும். ஒரு வாரம் பொறுத்துக்கோ ஆன்சன்."

ஒரு வாரம் போச்சு, பூனை மாறல்ல. அது எதுக்கு மாறுது? தலைக்கு மேலே கூரை, கூரை முழுக்க மீன் மணம், போதாக்குறைக்கு மாமி வேளா வேளைக்குக் கிண்ணத்துல பால் வச்சிருக்காங்க! பெத்தவளுக்குப் பால் வைக்காம இருக்க முடியுமான்னு சாமிகிட்ட சண்டையாம். மாசமும் ஒண்ணு போச்சு. எனக்கோ ஒவ்வொரு நாளும் வெப்ராளம், எப்போ மாறிருமோன்னு ஒரே பதைப்பு. பூனை மாறினா டெக்கு போகும், டெக்கு போனா எனக்க ஆளும் போவாரு. ஒரு பூனைக்காக முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணின வேதக்காரி உலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். பெண்கள் ஐக்கியக் கூட்டத்துல ஜெபக் குறிப்பு கேட்டப்போ, "ஒரு தாயும் பிள்ளைகளும் இருக்குத இடத்துலேயே சுகமா இருக்கணும்"னு சொல்லிட்டேன். தலைவி செல்லபாய் அக்கா கண்ணு கலங்கி ஜெபிச்சாங்க. முடிஞ்ச பெறவு, "பிள்ளைக எத்தனை மக்கா?"ன்னு கேட்டாங்க. "நாலு அக்கா, ஒரே பேறு"ன்னேன். "ஸ்தோத்திரம்!"னு நெஞ்சுல கை வச்சாங்க. நான் பைபிளை எடுத்துக்கிட்டு வெளியே நடந்துட்டேன்.

வைகாசி பாதியில இடவப்பாதி மழை தொடங்கிச்சு. அந்த வருஷம் கடலு சாமி வீட்டு மதில் வரைக்கும் ஏறி அடிச்சுது. மழை ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். ஜெயன் டிக்கெட் எடுத்துட்டான். ஆன்சன் பெட்டியில சட்டையை மடிச்சு வைக்காரு, நான் மாங்கா ஊறுகாயைப் பாட்டில்ல அடைக்கேன், ரெண்டுபேரும் முகம் பாக்குதது இல்லெ. அப்போ மாமி ஆளு அனுப்பிச் சொன்னாங்க: "பூனை போயாச்சு. ஆன்சனை உடனே வரச் சொல்லு."

கடப்பாரையை எடுத்தாரு. நான் ஜினியை எடுத்தேன். அவரு கடைசியாப் பாக்குத வேலை, நானும் பாத்துருதேன்னு சொன்னேன்.

மழை விட்டு வெயிலடிக்குது. மாமி டெக்குல நாற்காலி போட்டு, காலை நீட்டி, கடலைப் பாத்துக் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காங்க. மடியில சாம்பல் குட்டி ஒண்ணு தூங்குது. நான் மூச்சை இழுத்துப் பாத்தேன். மீன் வாடையே இல்லெ, மழையும் வெயிலும் கொண்டுபோயிருக்கு. பலகை ஒண்ணு கூட வளையல்ல, வெடிக்கல்ல. அடுத்த வீட்டு டாக்டருக்க இரும்பு கேட்டு மண்ணுல கெடக்குது.

"அந்தக் கடப்பாரையை வெளியில வச்சுட்டு வாடா"ன்னாங்க மாமி. "மூணு குட்டியோட தாய்க்காரி போயாச்சு. இது மட்டும் மாட்டேன்னுடுத்து." உள்ளே போய் அதே தாம்பாளத்தை, அதே வேட்டியோட, வெத்திலைபாக்கு வச்சுக் கொண்டுவந்து அவரு கையில கொடுத்தாங்க. ஆன்சன் ரெண்டு கையாலயும் வாங்கினாரு.

மாமி குரலைத் தாழ்த்தினாங்க. "கடல் பக்கமா எனக்கு ஒரு வேலி வேணும். டாக்டராத்துக்கும் வேணுமாம். ஆடி மாசம் நாங்க தஞ்சாவூர் போறோம், ஒரு மாசம் இருக்கமாட்டோம். அப்போ என்ன எண்ணெய் அடிக்கணுமோ அடிச்சுக்கோ. நான் கேக்கமாட்டேன். நீயும் அன்னிக்கு மாதிரி வாயைத் தொறந்து சொல்லித் தொலைக்காதே."

நான் அங்கேயே பலகையில உக்காந்து அழுதுட்டேன். சந்தோஷத்துல வந்த அழுகையாக்கும். ஜினி பயந்துபோய் அவளும் அழுதா. மாமி எனக்கும் ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து கொடுத்தாங்க.

அந்த நேரம் பாத்து ஒரு பிளேன் தலைக்கு மேலே இரைஞ்சுக்கிட்டு ஏறிச்சு. நான் அண்ணாந்து பாத்தேன், மாமி பாத்தாங்க, குட்டி கூட முழிச்சுப் பாத்தது. ஆன்சன் மட்டும் பாக்கல்ல. புதுவேட்டியைத் தோளுல போட்டுக்கிட்டு, வேலிக்கு முதல் குழி எங்கே வரணும்னு காலடி வச்சு அளந்துக்கிட்டு இருந்தாரு.