ஜாதகத்தில் பதினாறு, சர்டிபிகேட்டில் பதினெட்டு

பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இந்த ஊர் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லாத பிள்ளையை எதற்குக் காட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருடமாகியும் இவர்கள் அனுப்பும் கடிதங்களில் பாதிதான் புரிகிறது, பயம் மட்டும் முழுசாக வந்துவிடுகிறது. போனோம். தலை நரைத்த டாக்டரம்மா ஒருவர் பாப்பாவை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், வீடு ஒன்று வரையச் சொன்னார், பந்தைப் போட்டுப் பிடிக்கச் சொன்னார். கடைசியாக, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஹெட்மாஸ்டர் வைத்த அதே பரீட்சை. இத்தனை கடல் தாண்டி இது எப்படி வந்தது, யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாப்பாவின் விரல் காதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. என் கை தானாகப் போய் அவள் முழங்கையைத் தள்ளியது. டாக்டரம்மா, "நைன், நைன்" என்று, கூடாது என்பதை ஜெர்மனில் சொல்லி, என் கையை மெதுவாக விலக்கிவிட்டார். பிறகு காகிதத்தில் ஏதோ எழுதிவிட்டு, இவள் இன்னும் ஒரு வருடம் கிண்டர்கார்டனிலேயே விளையாடட்டும், அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றார்.

"ஒரு வருடம் வீணாகிவிடாதா?" என்று கேட்டேன்.

"வீணா? அது அவளுடைய வருடம் அல்லவா?" என்றார் அவர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண் தேறவில்லை என்றுதான் அழுகிறேன் என நினைத்து அந்த அம்மாள் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். இது தோல்வி இல்லை, கவலைப்படாதீர்கள் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். பிள்ளைகளை அவசரப்படுத்தக் கூடாது என்று ஒரு சிறு புத்தகமும் கையில் திணித்தார். நான் அழுதது என் தங்கை சரசுவுக்காக. அதைச் சொல்வதற்கு எனக்கு ஜெர்மன் போதவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஆறரை வயது, சரசுவுக்கு நாலு நிறையவில்லை. அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் மஞ்சள் காட்டுக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் போய்விடுவார்கள். சரசுவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. அவள் என் இடுப்பில் உட்கார்ந்தே வளர்ந்தாள். காலையில் அம்மா களையெடுக்கப் போகாத நாட்களில் மட்டும் நான் பள்ளிக்கூடம் போவேன். அப்படி வாரத்துக்கு இரண்டு நாள் வாய்த்தால் பெரிய விஷயம். கடைசியில் அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. சின்னதையும் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரும், வீட்டில் காவல் தேவையில்லை.

ஹெட்மாஸ்டர் சரசுவைக் காதைத் தொடச் சொன்னார். அவள் கை உச்சந்தலையோடு சரி. அவர் அப்பாவைப் பார்த்து, "அடுத்த வருசம் கூட்டியாங்க" என்றார். அடுத்த வருடம் என்றால் இன்னொரு வருடம் அவளை நான் இடுப்பில் சுமக்க வேண்டும், ஒன்றாம் வகுப்பையே திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் தலையைத் தோள் பக்கமாகச் சாய்த்து, முழங்கையை மேலே தள்ளினேன். நடுவிரல் காதின் நுனியைத் தொட்டது. "தொட்டுட்டாளுங்க சார்!" என்று கத்தினேன். ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு எழுதியதுபோல அவளுக்கும் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டு, ஐந்து வயது நிறைந்ததாக எழுதிக்கொண்டார். அந்த மாதமே சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பஸ்ஸில் கண்டக்டரிடம் அப்பா, "மூணு வயசுதானுங்க, மடியில வெச்சுக்கறோம்" என்றார். பள்ளிக்கூடத்தில் அஞ்சு, பஸ்ஸில் மூணு. இரண்டையும் சொன்ன அப்பா பொய் பேசத் தெரியாத மனிதர். வயது என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

இங்கே ஜெர்மனியில் பிள்ளைகளுக்கென்று தனி நாற்காலி இருக்கிறது, தனி முள்கரண்டி இருக்கிறது, ரயிலில்கூடத் தனிப் பெட்டி இருக்கிறது. முதலில் பார்த்தபோது செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று சிரித்தேன். எங்கள் பக்கம் பிள்ளைப் பருவம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். பண்ணையக்காரர் வீட்டில் பத்து வயதுப் பையனுக்குச் சோறு ஊட்டுவார்கள், அதே வயதுப் பையன் அவர்கள் காட்டில் மாடு ஓட்டுவான். வீட்டில் அடுத்த குழந்தை பிறக்கிறவரைதான் பெண் பிள்ளை பாப்பா. அப்புறம் அவள் அக்கா. நான் இரண்டரை வயதில் அக்கா ஆனேன். இதெல்லாம் மழை பெய்வதுபோலத் தானாக நடப்பது என்றுதான் எண்ணியிருந்தேன். ஆட்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்பதும், அதில் நானும் ஓர் ஆளாக இருந்தேன் என்பதும் எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

எண்பதுகளின் நடுவில் சேந்தமங்கலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்தமாக ஒரு லாரி, கொஞ்சம் தோட்டம். எனக்குத்தான் வந்தது. நான் சேலத்தில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். என் ஜாதகம் பொருந்தவில்லை, சரசுவின் ஜாதகம் பொருந்தியது. அவள் பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் போய்க்கொண்டிருந்தாள். மூத்தவளை வைத்துக்கொண்டு இளையவளைக் கொடுப்பதா என்று அம்மா தயங்கினாள். ஆனால் ஒரு கல்யாணம் செய்தால் அடுத்ததற்குச் சில வருடம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். சரசு போனால் நான் பட்டம் வாங்கலாம். சரசு போகாவிட்டால் அந்தத் தை மாதத்துக்குள் எனக்கு வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

மாப்பிள்ளையின் மாமா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். அவருக்குச் சட்டம் பற்றிய பயம் இருந்தது. "ஏனுங்க, பொண்ணுக்குப் பதினெட்டு ஆயிருச்சுங்களா? இல்லாட்டி நாளைக்கு எங்க வேலைக்கே வம்புங்க" என்றார். அப்பா ஜாதக நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஜாதகத்துப்படி பார்த்தா பதினாறு முடிஞ்சு..." என்று இழுத்தார். சம்பந்தம் கைவிட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டை எடுத்துவந்து நீட்டினேன். "சர்டிபிகேட்டுப்படி போன ஜூன்லயே பதினெட்டு ஆயிருச்சுங்க" என்றேன். மாமா வாங்கிப் படித்தார். "அப்பறமென்னங்க!" என்றார். பொருத்தம் பார்க்க ஜாதகத்து சரசு, சட்டத்துக்கு சர்டிபிகேட்டு சரசு. இரண்டு பேரும் ஒருத்திதானா என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவள் புழக்கடையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். அம்மா போய்ச் சேலை கட்டிக்கொள்ளக் கூப்பிட்டபோது, "இந்த ஆட்டத்த முடிச்சுட்டு வாரேன்" என்றாள். முடிக்க விடவில்லை.

நான் பட்டம் வாங்கினேன். அந்தப் பட்டத்தைப் பார்த்துத்தான் ஜெர்மனி மாப்பிள்ளை வந்தார்.

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அந்த வருடமே ஆடியில் ஊருக்குப் போனேன். சேந்தமங்கலத்தில் சரசு வீட்டு வாசலில் இரண்டு பேரும் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு என்னைவிட வயது கூடியதுபோல இருந்தது. பாப்பாவைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன்.

"ஒரு வருசம் நிறுத்தி வெச்சுட்டாங்களா? ஏங்க்கா, நல்லாத்தான பேசறா?"

"இன்னும் வெளையாடட்டும்னு சொல்லிட்டாங்க."

"வெளையாடறதுக்குன்னே ஒரு வருசமா?" என்று சிரித்தாள். பாப்பாவைக் கிட்டே இழுத்து, "குடுத்து வெச்சவ சாமி நீயி" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

பாப்பா ஓடியதும் நான் சொல்லிவிட்டேன். "சரசு, அன்னைக்கு அந்த சர்டிபிகேட்ட நான் எடுத்துட்டு வந்திருக்கக் கூடாது."

அவள் கை நிற்கவில்லை. கடலையை உரித்தபடியே இருந்தாள். "நீ எடுத்தாராம இருந்திருந்தாலும் கட்டித்தான் குடுத்திருப்பாங்கக்கா. அந்த வருசம் இல்லாட்டி அடுத்த வருசம்" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். உரித்த தொலியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "அந்த அடுத்த வருசம் எனக்குக் கெடச்சிருக்கும்" என்றாள்.

நானும் ஒரு கை கடலையை அள்ளி உரித்தேன். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தபோது அவள் எப்போதும்போலத்தான் இருந்தாள். பாப்பாவுக்கு முறுக்குப் பொட்டலம் கொடுத்தாள், அங்கே குளிருக்குப் போர்த்திக்கொள்ளச் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தாயிற்று. தினமும் மத்தியானம் பாப்பாவைக் கூட்டிவரக் கிண்டர்கார்டனுக்குப் போகிறேன். அரை மணி முன்னதாகவே போய்விடுகிறேன். பிள்ளைகள் மணலில் குழி தோண்டுகிறார்கள், மூடுகிறார்கள், மறுபடி தோண்டுகிறார்கள். யாரும் அவர்களை எதற்கும் கூப்பிடுவதில்லை. மற்ற அம்மாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விடுவார்கள். என்னால் அங்கே போய் அவர்களைப்போல நிம்மதியாக உட்கார முடிவதில்லை. போதும் வா என்று எங்கள் ஊர் அம்மாவாகப் பாப்பாவை அதட்டிக் கூப்பிடவும் வாய் வருவதில்லை. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் என்று பாப்பா உள்ளேயிருந்து கத்துகிறாள். சரி என்று தலையாட்டுகிறேன். அவளுக்குச் சொல்கிறேனா, சரசுவுக்குச் சொல்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை.