நாலு மணிக்குக் கேட்ட இரண்டாவது குரல்

என்னிடம் ஒரு பாட்டு கேசட் இருக்கிறது. மேலே ஒட்டிய தாளில் பாடகரின் முகம் முக்கால்வாசி அழிந்து, படிய வாரிய தலைமுடி மட்டும் தெரிகிறது. என் கல்யாணப் பந்தலில் ஒலிபெருக்கியில் பாடியவர். செத்துப் பல வருஷமாகியும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஓயாமல் பாடுகிறவர். அந்தக் குரல் பிடிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. நான் மட்டும் கொஞ்ச நாள் அதோடு சேர்ந்து கேட்ட இன்னொரு குரலைச் சந்தேகப்பட்டேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷம், முதலியார்பேட்டையில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து வந்தேன். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். தெருவே அவரை முசே என்றும், அவர் சம்சாரத்தை மதாம் என்றும் கூப்பிடும். பிள்ளைகள் பிரான்சில். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே முசேவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டிக் காட்டுவார்.

நாலு மணியானால் மதாம் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கேசட் பாடும். கேட்டால் இரண்டு ஆண் குரல். ஒன்று பாடகருடையது. இன்னொன்று கரகரப்பாக, அரை மூச்சு பிந்தி வரும். பேச முடியாதவர் படுத்திருக்கிற அறையில் பாடுகிறவன் யார்? கேட்க எனக்கு வாய் கிடையாது. அஞ்சாவதோடு நின்றவள், பெரியவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். ஆனால் கண் சும்மா இருக்கவில்லை. கொல்லை வாசலில் ஆம்பளைச் செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பேன். கழுவ வரும் காபி டம்ளர் இரண்டுதான். மூன்றாவதை மதாமே கழுவியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

மனசில் வைத்திருக்க முடியாமல், தேங்காய்த்திட்டிலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மாவிடம் சொன்னேன்.

"படுக்கையில புருஷன வெச்சிக்கினு பாட்டுக் கச்சேரியாக்கா?" என்று சிரித்தாள்.

"யாராண்டையும் சொல்லாதடி."

"நான் ஏன் சொல்றேன்? எனக்கு மீன் விக்கவே நேரம் பத்தல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் மதாம் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

அதே வாரம் ஒரு நாள், பாட்டுக்கு நடுவில் கரண்ட் போனது. பாடகர் நின்றுவிட்டார். இரண்டாவது குரல் மட்டும் ஒரு வரி தனியாகப் போய், தடுமாறி, "பா... பா..." என்று திணறி நின்றது. காற்றுக்காக மதாம் கதவைத் திறந்தார். உள்ளே முசேவைத் தவிர யாருமில்லை. கோணிப்போன வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பேசச் சொன்னா வராது. கேசட்டுல அவர் பாடினா இவருக்கும் கூடவே வாய் வருது" என்றார் மதாம். "இந்த வாயை யாரும் பார்க்கக் கூடாதாம். அதான் கதவு."

ஈரத்துணியோடு நின்றேன். மறுநாள் மீன்காரம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "அப்படியா" என்றாள். அதை அவள் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த பூசையில் நானாவது போய் மதாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். கூச்சம் விடவில்லை.

முசே இறந்தபின் மதாம் பிள்ளைகளிடம் கிளம்பினார். போகிற அன்று இந்தக் கேசட்டை என் கையில் வைத்தார்.

"நல்லா காது குடுத்துக் கேளு. இதுல ஒருத்தர்தான் பாடுறார்."

முகத்தில் கோபமில்லை, சிரிப்புமில்லை. நான் மீன்காரம்மாவிடம் சொன்னது தெரிந்துதான் சொன்னாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இப்போதும் நாலு மணிக்கு அதைப் போடுகிறேன். பாடகர் அன்றைக்குப் போலவே பாடுகிறார். அரை மூச்சு பிந்தி இன்னொரு குரல் வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அங்கே நான் மெல்லப் பாடுகிறேன், கதவைச் சாத்திக்கொண்டு.