தூணுக்கு அந்தப் பக்கம்

சித்தூரில் எந்தக் கடை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் மூக்கால் வழி சொல்வேன். என் வீட்டுக்காரரைக் கேட்டால் அடிக்கணக்கில் சொல்வார். மிஷன் காம்பவுண்டு வாசலிலிருந்து காய்கறி மார்க்கெட் அவருக்கு அறுநூற்று நாற்பது அடி. எனக்கு அது சைக்கிள் கடை ரப்பர் வாசனை, அப்புறம் காப்பிக்கொட்டை வறுக்கிற கடை, அப்புறம் மாவு மில்லின் தடதடப்பு, அதையும் தாண்டினால் அழுகின முட்டைக்கோசு. நான் பிறக்கும்போதே பார்வை இல்லாதவள். அவருக்கு மூன்று வயதில் அம்மை வந்து பார்வை போனது. கல்யாணமான புதிதில் எங்களுக்குள் நடந்த சண்டையில் முக்கால்வாசி, திரும்ப வேண்டியது இங்கேயா, இன்னும் பத்தடி தள்ளியா என்பதுதான்.

தன் கணக்கு தப்பவே தப்பாது என்பார். ஆனால் வழியில் யாராவது நிறுத்தி நலம் விசாரித்துவிட்டால் கணக்கு மறந்துபோகும். வந்தவர் போன பிறகு அசடு வழிய நிற்பார். அப்புறம் நான்தான் இழுத்துக்கொண்டு போவேன். என் வழிக்கும் குறை இல்லாமல் இல்லை. கரண்ட் போனால் மாவு மில் நின்றுவிடும், எனக்கு ஊரே இருட்டாகிவிடும். மாம்பழ சீசனில் கேட்கவே வேண்டாம். கூழ் ஃபாக்டரிக்குப் போகிற லாரிகள் வரிசைகட்டி நிற்கும், தெருவுக்குத் தெரு ஒரே வாசனைதான். அந்த இரண்டு மாதமும் அவர் கை ஓங்கியிருக்கும். எனக்கு அந்த இரண்டு மாதமும் எரிச்சலாக இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கல்யாணம் நடந்தது. பாஸ்டர் ஐயா கொண்டுவந்த சம்பந்தம். என் வீட்டுக்காரர் ஆபீஸ் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தார். எனக்குச் சித்தூர் மிஷன் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வேலை கிடைத்தது. காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு அறையும் கொடுத்தார்கள். எல்லாம் கூடி வந்தது, என் அண்ணன் மனசு மட்டும் கூடவில்லை.

அண்ணனுக்குத் திருப்பதியில் ரயில்வே வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ். நைனாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தது அவர்தான். எனக்கு ஆறு வயதில், அவர் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த நேரம், நான் தெருவில் இறங்கி மாட்டு வண்டியில் அடிபட்டேன். நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நான் அதை மறந்தாலும் அவர் மறக்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்து அவர் வீட்டில் ஆறு வருஷம் இருந்தேன். ஒருநாள்கூட என்னைத் தனியாகத் தெருவில் நடக்க விட்டதில்லை. எங்கே போனாலும் அவர் தோளில் என் கை இருக்க வேண்டும்.

குருடருக்குக் குருடர் வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவார்கள் என்கிற வேத வசனம் அவருக்கு மனப்பாடம். கல்யாணத்துக்கு முன்பு அதை என் வீட்டுக்காரரிடமே சொன்னார். இவர் சளைத்தவரா?

"சித்தூர்ல எந்தக் குழி எங்க கீதுன்னு கண்ணு இருக்கறவனவிட எனக்கு நல்லாத் தெரியும் மச்சான்" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. கல்யாணமாகிச் சித்தூருக்குக் கிளம்பியபோது என் டிரங்குப் பெட்டியைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். அதில்தான் என் புடவைகள், அம்மாவின் பித்தளைச் சொம்பு, நான் எழுதிப் பழகின பிரெயில் பலகை எல்லாம் இருந்தன. எப்படியும் ஒரு மாதத்தில் திரும்பி வரத்தானே போகிறாய், எதற்கு வீண் சுமை என்றார். துணிப் பையில் நாலு புடவையோடு குடித்தனம் தொடங்கினேன். அந்தக் கோபம் எனக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார். நீங்கள் இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை யார் துணையும் இல்லாமல் பஸ் ஏறி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு என் வீட்டுக்கு வந்து சேருங்கள். வந்துவிட்டால் பெட்டியைக் கொடுத்துவிடுகிறேன், அப்புறம் வாயே திறக்கமாட்டேன். வராவிட்டால் சித்தூர் அறையைக் காலி செய்துவிட்டு இரண்டு பேரும் இங்கேயே வந்து இருக்க வேண்டும், பின்கட்டு அறை சும்மாதான் கிடக்கிறது. இவ்வளவுதான். பெட்டிக்காக மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த அறையில் நான் உலை வைத்தேன், நானே பூட்டினேன், நானே திறந்தேன். சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிற சுகத்தை அதற்கு முன்பு நான் அறிந்ததில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை காலையிலேயே கிளம்பினோம். சந்திரகிரி தாண்டியதும் கண்டக்டர் தானாகவே வந்து இன்னும் கொஞ்ச தூரம்தான் என்றார். எனக்கு ஒரே உற்சாகம். அண்ணன் முகம் எப்படிப் போகும் என்று பேசிக்கொண்டே வந்தேன். ஆடாதே என்று என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அவர் கையில் தடி, அவர் முழங்கையில் என் கை. பத்தடி நடந்திருக்கமாட்டோம். மலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது என்று யாரோ கூவ, "கோவிந்தா" என்று ஒரு பெரிய கூட்டம் எங்கள்மேல் பாய்ந்தது. மூட்டை இடித்தது, மொட்டைத் தலையில் பூசின சந்தனம் மணத்தது, என் கையிலிருந்து அவர் முழங்கை நழுவிப்போனது. கூட்டம் கடந்து போனபோது என் கைக்கு ஒரு தூண்தான் அகப்பட்டது.

நான் பயப்படவில்லை. படித்த பாடம் இருக்கிறதே. பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் எங்களுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான்: கை விட்டுப்போனால் நின்ற இடத்தைவிட்டு அசையாதே, நீ அலைந்தால் தேடுகிறவர்களுக்குக் கஷ்டம். தூணைப் பிடித்துக்கொண்டு பதவிசாக நின்றேன். வருவார், தடி சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன்.

ஒலிபெருக்கியில் சித்தூர் பஸ் புறப்படுவதாக ஒருமுறை சொன்னார்கள். பிறகு இன்னொரு முறை. யாரோ ஒரு நல்ல மனிதர் வந்து எங்கே போக வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சாமி பார்க்க வந்தவள் என்று அவரே முடிவுசெய்து, என் கையைப் பிடித்து மலை பஸ்ஸில் ஏற்றப் பார்த்தார். நான் தூணைக் கட்டிக்கொண்டேன். அவர் இழுக்க, நான் விடமாட்டேன் என்க, கடைசியில் பாவம், கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன். "ஏங்க" என்று கூப்பிட்டேன். நாலு ஆண்கள் என்னம்மா என்று கேட்டார்கள். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஏங்க என்றால் எவர்தான் திரும்பமாட்டார்? பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை. கோவிலுக்குப் போகிறவர்கள் வீட்டிலும் அப்படித்தான், ஆலயத்துக்குப் போகிற எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கல்யாணத்தன்று உடன்படிக்கை சொல்லும்போது, பாஸ்டர் ஐயா சொல்லச் சொல்ல, ஒரே ஒரு தடவை உச்சரித்தேன். அதுவும் இரண்டாவது வரிசைக்குக் கேட்காதபடி.

மூன்றாவது தடவையும் சித்தூர் பஸ் புறப்பட்டது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது என்று பக்கத்து ஓட்டல் சாம்பார் வாசனையே சொன்னது. அண்ணன் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. இந்த மனுஷன் ஏன் இன்னும் வரவில்லை, அப்படி எங்கேதான் நின்றுவிட்டார் என்று மனசுக்குள் திட்டினேன். அந்தத் திட்டில்தான் எனக்குப் புரிந்தது. நின்றுவிட்டார். அவரும் என்னைப் போலப் பள்ளியில் படித்தவர்தானே. வேறு ஊர், வேறு பள்ளி, பாடம் ஒன்றுதான். அவரும் எங்கேயோ அசையாமல், நான் தேடி வருவேன் என்று நின்றுகொண்டிருக்கிறார். அந்தப் பாடத்தை எழுதினவர்களுக்குக் கண் இருந்தது. தொலைகிற இரண்டு பேரும் குருடராக இருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. இப்படியே விட்டால் ராத்திரி வரைக்கும் நிற்போம், தேட ஒருவர்கூட வரமாட்டார்.

மூச்சை நன்றாக இழுத்தேன். அறுபது பிள்ளைகள் கத்துகிற ஹாலில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் என்னுடையது. அந்தக் குரலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அன்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது, அது போதும்.

"இங்கதாம்மே கீறேன்" என்றார் தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். வந்து என் தோளைத் தொட்டதும் முதலில் சொன்னது, எட்டு அடிதான் என்று. அத்தனை நேரமும் எட்டு அடி தூரத்தில், வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் ஏங்க என்றது அந்த இரைச்சலில் வேறு யாரோ யாரையோ கூப்பிட்டதாகப் பட்டதாம். அத்தனை ஆண்களுக்கு நடுவே பெண்டாட்டி பெயரைக் கத்திக் கூப்பிடுவது மரியாதையா என்று கேட்டார். அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்டேன். கேட்டுக்கொண்டே அவர் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அங்கிருந்து வீட்டுக்கு வழி என்னுடையது. ரயில் இன்ஜின் கூவுகிற பக்கம், டீக்கடை, புளியமரத்துக் காக்கைகள். ஆறு வருஷம் அண்ணன் தோளைப் பிடித்து நடந்தபோது என் காதும் மூக்கும் சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒருவரைக் கேட்டோம்.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். இன்னும் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். பஸ் லேட் என்று சொல்லிவிடலாம் என்று நான் வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. நான் கிள்ளக் கிள்ள, கூட்டம் இடித்ததிலிருந்து ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். பத்து வருஷக் குடித்தனத்தில் தான் ஒருநாள்கூடச் சொல்லாததை இவள் பஸ் ஸ்டாண்டிலா சொன்னாள் என்று அண்ணி இரண்டு தடவை கேட்டார். போச்சு என்றே நினைத்தேன்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "அங்கிருந்து யாரு கூட்டிக்கினு வந்தாங்க?"

"யாரும் இல்ல மச்சான். உங்க தங்கச்சிதான்" என்றார் இவர்.

அண்ணன் எழுந்து உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஏதோ உராயும் சத்தம். என் பெட்டியின் நாதாங்கி கொஞ்சம் தளர்ந்தது, ஆட்டினால் டக்கு டக்கு என்று அடிக்கும். அந்த டக்கு டக்கு கூடத்துக்கு வந்தது. என் காலடியில் வைத்தார்.

"சொன்ன நேரத்துக்கு வரலியேண்ணா" என்றேன்.

"வந்துட்டல்ல" என்றார். என் நெற்றித் தழும்பை ஒரு விரலால் தொட்டுவிட்டு, சோறு ஆறுகிறது, உட்காருங்கள் என்றார்.

சாயங்காலம் பெட்டியை பஸ் மேலே ஏற்றிவிட்டார், கூட வரவில்லை. சித்தூரில் இறங்கியபோது விளக்கு வைக்கிற நேரம். ரிக்‌ஷாக்காரர் கேட்டதற்கு இவர் வேண்டாம் என்றுவிட்டார். மச்சான் கொடுத்ததைத் தானே தூக்கிக்கொண்டு வருவாராம். பெட்டியைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் தடி பிடிக்கக் கை ஏது, என்னைப் பிடிக்கத்தான் கை ஏது? தடியை நான் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். என் குரல்தான் அவருக்கு வழி. பத்தடிக்கு ஒரு தடவை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இங்கே கால்வாய், பெரிய எட்டாக வையுங்கள். கூப்பிட்டேன். இங்கே சைக்கிள் கடை, இடப்பக்கம். கூப்பிட்டேன். பின்னால் டக்கு டக்கு என்று நாதாங்கி வந்துகொண்டிருந்தது. சபையைச் சேர்ந்த ஒரு அம்மா வாசலில் நின்று, என்னடி இது, தெருவில் புருஷன் பெயரை ஏலம் போடுகிறாய் என்றார். தலை இடித்துக்கொள்வாரே அம்மா என்றேன்.

எங்கள் அறை வாசலுக்கு வந்ததும் நிறுத்தினேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். பின்னால் காலடி வரவில்லை. என்ன என்று கேட்டேன்.

"இன்னொரு வாட்டி கூப்டு" என்றார், பெட்டியைத் தலையில் வைத்தபடியே.

கூப்பிட்டேன். அப்புறம்தான் உள்ளே வந்தார்.